வேலை முடிந்தது என்று யார் சொல்வது?

அலுவலகத்துக்குப் போய்வருபவர் தன் நாளின் வேலை எப்போது முடிகிறது என்று தனியாக முடிவெடுக்க வேண்டியதில்லை. மாலை 6 மணிக்கு கம்பெனி பஸ் கிளம்பிவிடும். அடுத்த இருக்கைக்காரர் பையைத் தோளில் மாட்டுவார். வரிசை வரிசையாக விளக்குகள் அணையும். பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து வீடு சேர்வது பெரும் தொல்லைதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பகலில் நடந்த வாக்குவாதம் ஆறும், முடிக்காத வேலையைப் பற்றிய கவலை தணியும், ராத்திரிக்கு என்ன சமையல் என்ற நினைப்பு வரும். வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கு இந்த அலைச்சல் மிச்சம். கூடவே, வேலை முடிந்துவிட்டது என்று வெளியிலிருந்து சொல்லும் அத்தனை அடையாளங்களும் இல்லாமல்போகின்றன. லேப்டாப்பை மூடுவது ஒன்றுதான் பாக்கி. சாப்பிட்டு முடித்ததும் அதை மறுபடி திறந்தால் யாரும் தடை சொல்லப்போவதில்லை. வேலையும் வீடும் ஒன்றையொன்று நெருக்குவதாக இன்று எழும் குறைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

வீடே பணியிடமாக இருப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் பட்டு நெசவாளர்களின் வீட்டுக்குள்ளேயே குழித்தறி இருக்கும். தறியைச் சுற்றித்தான் குடும்பம் உண்டு உறங்கும். தென்காசி, திருநெல்வேலி வட்டாரக் கிராமங்களில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் பீடி சுற்றுகிறார்கள். இந்த வேலைகளில் கூலி குறைவு, உழைப்பு கடுமை, வீட்டுப் பெண்களின் பங்கு கணக்கில் வராமல் போவதும் உண்டு. ஆனாலும் ஒரு விஷயத்தில் தெளிவு இருக்கிறது: செய்து முடித்ததைக் கண்ணால் பார்க்கலாம், எண்ணலாம். சேலைக்கு இவ்வளவு, 1,000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பீடித் தொழிலாளர்களுக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் இருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றது. கணினி வேலையில் இப்படி எண்ணிப்பார்க்கும் அளவு கிடையாது. ஒரு மெயிலுக்குப் பதில் அனுப்பினால் அதற்கு இரண்டு பதில் வரும். ஒரு பிழையைச் சரிசெய்தால் அடுத்தது வரிசையில் நிற்கும். வேலை தானாகத் தீராது என்பதால், எங்கே நிறுத்துவது என்று ஒருவர் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

தொலைவிலிருந்து வேலை பார்ப்பது என்ற யோசனையே போக்குவரத்து நெரிசலுக்கு மருந்தாகப் பிறந்ததுதான். 1973இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜாக் நில்ஸ், ஊழியர்களை நகரத்தின் நடுவுக்கு இழுத்துவருவதற்குப் பதிலாக வேலையை அவர்கள் இருக்கும் பக்கம் அனுப்பினால் என்ன என்று ஆராய்ந்தார். அவர் முதலில் சோதித்துப் பார்த்தது வீட்டை அல்ல, வீட்டுக்கு அருகில் உள்ள சிறு கிளை அலுவலகங்களை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு இது சிலருக்கு மட்டும் கிடைத்த சலுகையாக இருந்தது. 2020 மார்ச் 25 அன்று இந்தியா முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, தரமணி முதல் சிறுசேரி வரை அலுவலகங்கள் காலியாகின. கணினிகள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. திருவண்ணாமலையிலும் நாகர்கோவிலிலும் அம்மா வீட்டு மாடியறைகள் பணியிடமாயின. பிறகு பல நிறுவனங்கள் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. ஆனாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டில், மற்ற நாள் அலுவலகத்தில் என்ற ஹைபிரிட் முறை நிலைத்துவிட்டது.

வீட்டிலிருந்து வேலை செய்வதால் யாருக்கு என்ன லாபம் என்பதற்கு உறுதியான சான்று ஒன்று சீனாவிலிருந்து கிடைத்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் நிக்கலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் சீட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில் 9 மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். விருப்பம் தெரிவித்தவர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வாரத்தில் 4 நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். ஒற்றைப்படைக்காரர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் உயர்ந்தது, வேலையை விட்டுப்போனவர்கள் எண்ணிக்கை பாதியானது. அந்த 13 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதில் பெரும்பகுதி வேகத்தால் வந்ததல்ல. இடைவேளையையும் உடல்நலமில்லா விடுப்பையும் குறைத்துக்கொண்டு அதிக நிமிடங்கள் உழைத்ததால் வந்தது. டீ குடிக்க எழுந்துபோகும் நேரமும், லேசான காய்ச்சலில் படுத்துக்கிடக்கும் நாளும் வேலைக்குள் போயின. ஒரே அளவு திறமையாக வேலை செய்தும், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. சோதனை முடிந்து, இனி எங்கிருந்து வேலை என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஏறத்தாழ பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் சொன்ன முக்கியக் காரணம் தனிமை.

ஊரடங்குக் காலத்தில் ஐரோப்பா, வட அமெரிக்கா, மேற்காசியாவைச் சேர்ந்த 16 நகரங்களில் 31 லட்சம் பேரின் மெயில், மீட்டிங் பதிவுகளைப் பெயரின்றித் திரட்டி ஆராய்ந்த இன்னொரு ஆய்வு, முதல் மெயிலுக்கும் கடைசி மெயிலுக்கும் இடைப்பட்ட வேலைநாளின் நீளம் சராசரியாக 48.5 நிமிடம் கூடியிருந்ததைக் கண்டது. மீட்டிங்குகள் ஒவ்வொன்றும் குறுகின, ஆனால் எண்ணிக்கை கூடியது. பயணத்தில் மிச்சமான நேரத்தின் கணிசமான பங்கு வேலையிடமே போய்ச் சேர்ந்தது என்று இதற்குப் பொருள்.

சென்னைக்கும் கோவைக்கும் இதற்கு மேல் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு இரவு 7.30. லண்டன் காலை 9 மணிக்கு இங்கே பிற்பகல் 1.30 அல்லது 2.30. அமெரிக்க வாடிக்கையாளரோடு பேச வேண்டிய நேரமும், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தந்து, சோறு ஊட்டி, தூங்கவைக்கும் நேரமும் ஒன்றாகவே விழுகின்றன. அலுவலகம் போன காலத்திலும் இரவு ஷிஃப்ட் இருந்தது; ஆனால் இரவில் போகிறவர் பகலில் தூங்குவார் என்பது வீட்டுக்கும் மேனேஜருக்கும் தெரியும். வீட்டிலிருந்து பார்க்கும் வேலையில், காலை 9.30 மணி உள்ளூர் டீம் மீட்டிங்கும் இரவு 9.30 மணி வாடிக்கையாளர் போன் காலும் ஒரே ஆள் தலையில் விழுவது சகஜமாகிவிட்டது. நடுவில் 12 மணி நேரம். அத்தனை நேரமும் அவர் உழைக்கவில்லை, உண்மைதான். ஆனால் அதில் எந்த ஒரு மணி நேரமும் அவருக்கென்று உறுதியாக இல்லை.

இதற்கு உடம்பு விலை கொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்தில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி எல்லை பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டினா நிப்பர்ட்-எங் 1996இல் எழுதிய நூலில், மக்கள் சாவிக்கொத்தையும் நாட்காட்டியையும் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பது வரை கவனித்து, இரண்டு முனைகளைக் காட்டினார். ஒரு முனையில், வீட்டுச் சாவி வேறு, அலுவலகச் சாவி வேறு என்று எல்லாவற்றையும் பிரித்துவைப்பவர்கள். மறுமுனையில், எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்துக்கொண்டு, சமைத்துக்கொண்டே மெயில் பார்ப்பவர்கள். பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறார்கள். பிற்பகலில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் வேலை பார்ப்பது இரண்டாம் வகையினருக்கு நிம்மதி. முதல் வகையினருக்கு அது இரண்டு பக்கமும் நிம்மதியைக் கெடுக்கும். தான் எந்த வகை என்று ஒருவர் அறிந்துகொள்வது நல்லது. ஆனால் கலந்து செய்பவருக்கும் ஒரு செலவு உண்டு. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், கவனத்தின் ஒரு பகுதி முந்தையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். பிள்ளையின் கதையைக் கேட்டுக்கொண்டே போனில் வந்த செய்தியைப் பார்ப்பவர் இரண்டையும் பாதிதான் கேட்கிறார். பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இடத்தைப் பற்றிய அறிவுரைகளில் பல, தனி அறை உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. இரண்டு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது தனி அறை பேச்சுக்கே இடமில்லை. அங்கே அறையைவிட முக்கியம், தினமும் அதே இடம் என்பது. ஹாலின் ஒரு மூலை, சுவரைப் பார்த்த ஒரு மேஜை போதும். கட்டில் மட்டும் வேண்டாம்: முதுகுக்கும் கேடு, அங்கேயே படுத்தால் தூக்கமும் எளிதில் வராது. சாப்பாட்டு மேஜைதான் கதி என்றால், வேலை முடிந்ததும் லேப்டாப், சார்ஜர், ஹெட்செட் எல்லாவற்றையும் பையில் போட்டு அலமாரிக்குள் வைத்துவிடுவது பெரிய வித்தியாசத்தைத் தரும். கண்ணில் படும் திரை அழைத்துக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால் கழுத்தோ கையோ ஏதாவது ஒன்று வலிக்கத்தான் செய்யும். திரையைப் புத்தக அடுக்கின் மேல் கண்மட்டத்துக்கு உயர்த்தி, தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கிக்கொள்வது மலிவான தீர்வு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தொலைவில் உள்ள எதையாவது இருபது விநாடி பார்ப்பது கண்ணுக்கு ஓய்வு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பல மணி நேரம் நீளும் ஊர்களில், இன்வெர்ட்டர் இணைப்பில் மின்விசிறியோடு இணைய ரூட்டரையும் சேர்த்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரத்துக்கு எல்லை போடுவது இதைவிடக் கடினம். பயணம் செய்துவந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும்: வேலை முடிந்ததும் தெருமுனைக் கடை வரை ஒரு நடை, ஒரு குளியல், மாடியில் துணி எடுக்கப் போவது. அன்று முடிந்தது என்ன, நாளை முதலில் செய்ய வேண்டியது என்ன என்று இரண்டு வரி எழுதிவைத்துவிட்டு எழுந்தால், பாதியில் விட்ட வேலை மனதை அரிப்பது குறையும். குழுவின் பொது நாட்காட்டியில் இரவு 7 முதல் 8.30 வரை ஒதுக்கப்பட்டது என்று வெளிப்படையாகப் போட்டுவைக்கலாம். எது அவசரம் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட உதவும். சர்வர் முடங்கினால் போன். மற்றதெல்லாம் மெயில், காலையில் பார்க்கப்படும். இந்த ஒரு விதி இல்லாத குழுவில் ஒவ்வொரு செய்தியும் அவசரமாகவே தோன்றும், எல்லோரும் ஸ்டேட்டஸ் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இனி வீட்டின் பக்கம். "வீட்டுலதானே இருக்கே" என்ற சொல்லோடுதான் பெரும்பாலான குறுக்கீடுகள் வருகின்றன. சிலிண்டர் வரும், எடுத்து வை. பேங்க் வரைக்கும் ஒரு எட்டு போய்விட்டு வா. சித்தப்பா வந்திருக்கிறார், வந்து ஒரு வார்த்தை பேசு. கேட்பவர்கள் தவறாகக் கேட்பதில்லை. வீட்டில் இருப்பவர் கூப்பிட்டால் வருவார் என்பது தலைமுறைகளாக வந்த பழக்கம். திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பது வேலை போலத் தெரிவதும் இல்லை. முகம் சுளிப்பதைவிட நேரத்தைச் சொல்லிவிடுவது நல்லது: "11 மணி வரைக்கும் காலில் இருப்பேன்ப்பா, அப்புறம் வர்றேன்" என்றால் பெரியவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், சொன்னபடி 11 மணிக்கு எழுந்து வந்தால். ஹெட்செட் தலையில் இருந்தால் பேசக்கூடாது என்பதை ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள்.

இந்தச் சுமை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரி 289 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். அலுவலகம் போகும் பெண்ணுக்கு அங்கே இருக்கும் எட்டு மணி நேரமாவது சமையலறை கண்ணில் படாமல் இருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண் இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் குக்கர் வைக்கிறார், மாமனாருக்கு மாத்திரை எடுத்துத் தருகிறார், மதியம் எல்லோருக்கும் சூடாகச் சாப்பாடு போடுகிறார். முன்பு காலையிலேயே டிபன் பாக்ஸில் முடிந்துபோன சாப்பாடு இது. அதே வீட்டில் அடுத்த அறையில் வேலை செய்யும் கணவரின் கதவு மூடியிருக்கும். அதை யாரும் தட்டுவதில்லை. வேலையையும் வீட்டையும் சமன்செய்வது என்ற பேச்சு பெரும்பாலும் பெண்ணுக்குச் சொல்லும் அறிவுரையாக முடிவதற்குக் காரணம், வீட்டுக்குள் இருக்கும் இந்தக் கணக்கை யாரும் தொடாததுதான்.

கேட்டால் செய்து தருகிறேன் என்று கணவர் சொல்வதால் இது மாறாது. எது தீர்ந்துபோயிற்று, யாருக்கு எப்போது ஊசி, நாளைக்கு என்ன டிபன் என்று நினைவில் வைத்திருக்கும் வேலை அப்போதும் பெண்ணிடமே இருக்கும். மாறுவது, ஒரு வேலையை முழுதாகக் கைமாற்றும்போது. மதியச் சாப்பாடு என்றால் என்ன சமைப்பது என்று முடிவுசெய்வதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை அவர் பொறுப்பு. மாலை 7 முதல் 9 வரை பிள்ளை அவரிடம், அந்த நேரத்தில் எது கேட்டாலும் அம்மாவிடம் அனுப்புவதில்லை. இருவருக்கும் இரவு கால் இருந்தால், வாரத்தில் எந்த நாள் யாருடையது என்று ஞாயிற்றுக்கிழமையே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கைக்குழந்தை உள்ள வீடு தனி ரகம். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பைக் கொண்டுவந்தது. அது முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம்கொடுத்தால், நிறுவனமும் ஊழியரும் ஒத்துக்கொண்ட காலம்வரை வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும் சொன்னது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றதும் அதே சட்டம்தான். இவற்றில் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகிவிடாது. ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது முழுநேர வேலை. மடியில் குழந்தையும் மேஜையில் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே ஆள் செய்துவிடலாம் என்ற எண்ணத்தில் எழும் ஏற்பாடு எதுவும் தாயையே முறிக்கும். பாட்டியோ, ஆயாவோ, காப்பகமோ, வேலை நேரத்தில் குழந்தைக்கு வேறொரு கை கட்டாயம் வேண்டும்.

இத்தனை சிக்கல் இருந்தும் இந்த முறையைக் கைவிட வேண்டியதில்லை. சென்னை வாடகை மிச்சம். வயதான பெற்றோருடன் உட்கார்ந்து மதியம் சாப்பிட முடிகிறது. மாற்றுத்திறனாளிகள் பலருக்குப் பேருந்தும் படிக்கட்டும் அடைத்துவைத்திருந்த வேலைகள் திறந்திருக்கின்றன. தனிமைக்கும் பதவி உயர்வுக் குறைவுக்கும் விடை ஓரளவு கிடைத்திருக்கிறது. புளூம் அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடத்திய அடுத்த சோதனை 2024இல் நேச்சர் இதழில் வெளியானது. வாரத்தில் 2 நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில், வேலையை விட்டுப்போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலை மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ அவர்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை. ஜோஹோ நிறுவனம் 2011 முதல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் நடத்திவருவது போன்ற சிற்றூர் அலுவலகங்கள், நில்ஸ் முதலில் நினைத்த வழிக்கு நெருக்கமானவை: ஊரும் விட்டுப்போகாது, வீடும் அலுவலகமாகாது.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. 50 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் இதைப் பற்றி ஊழியர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும். போர்ச்சுகல் 2021இல் ஒரு படி மேலே போய், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பதை முதலாளியின் கடமையாக்கியது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பை, மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை, எடுக்காமலிருக்க ஊழியருக்கு உரிமை உண்டு. இந்தியாவில் சுப்ரியா சுலே 2018இல் மக்களவையில் இதற்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார்; அது சட்டமாகவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை 1947லேயே வகுத்தது. ஆனால் இரவு 10 மணிக்கு வரும் ஒரு செய்தி அந்த 8 மணிக்குள் சேருமா என்று கேட்டால், அந்தக் காலத்துச் சட்டத்தில் விடை இருக்காது.

அதனால் இப்போதைக்கு இந்த எல்லையைப் போட வேண்டியவர்கள் குழுக்களை நடத்தும் மேனேஜர்களும் டீம் லீடுகளும்தான். எத்தனை மணிக்கு மேல் பதில் எதிர்பார்க்கப்படாது, இரவு கால் இருக்கும் நாளில் மறுநாள் காலை எத்தனை மணிக்கு வேலை தொடங்கும், எது அவசரம் என்ற மூன்றையும் அவர்கள் எழுத்தில் தந்துவிட்டு, தாங்களும் அதன்படி நடக்க வேண்டும். மேனேஜரே இரவு 11 மணிக்கு மெயில் அனுப்பும் குழுவில், ஊழியர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அவருடைய லேப்டாப் மூடாது.